கார் ரேடியோ தன் கோட் எண்ணை மறப்பதில்லை

புது பேட்டரி போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள். ஏசி ஓடுகிறது, ஹாரன் அடிக்கிறது, பாட்டு மட்டும் வரவில்லை. மியூசிக் சிஸ்டத்தின் திரையில் 'கோட்' என்றோ 'சேஃப்' என்றோ ஒரு சொல் நிற்கிறது. கோட் என்ற ரகசிய எண்ணைப் போட்டால்தான் பூட்டு திறந்து செட் பாடும். பழைய ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபோர்டு, ரெனோ வண்டிகளை செகண்ட் ஹேண்டில் வாங்கிய பலருக்கு இது பழக்கமான தொல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பெரும்பாலும் நேரத்துக்குக் கேடு. சில வைத்தியங்கள் செட்டுக்கே கேடு.

"பேட்டரியைக் கழற்றியதில் கோட் அழிந்துபோச்சு"

அழியவில்லை. செட்டுக்கு இரண்டு வழியில் கரன்ட் வருகிறது. ஒன்று சாவியைத் திருப்பினால் மட்டும் வரும். இன்னொன்று வண்டி நிறுத்தியிருந்தாலும் பேட்டரியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டாவது நின்றுபோனால், யாரோ தன்னைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று செட் முடிவு கட்டிவிடும். பேட்டரி மாற்றும் மெக்கானிக்கையும் திருடனையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. கடிகாரம், பதிந்து வைத்த ஸ்டேஷன்கள் எல்லாம் போகலாம். கோட் இருப்பதோ ஈப்ராம் என்ற சிப்பில். கரன்டே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அது எண்ணைக் காத்து வைக்கும். ஆகவே, "ராத்திரி முழுக்க பேட்டரியைக் கழற்றி வை, தானா ரீசெட் ஆகிடும்" என்ற யோசனையால் பயனில்லை. பூட்டு விழுந்ததே அப்படிக் கழற்றியதால்தான்.

இந்தச் சந்தேகப் புத்தி ஏன் வந்தது என்பதற்கு ஒரு காலக் கதை உண்டு. 1980களில் நியூயார்க்கில் கார் கண்ணாடியை உடைத்து ரேடியோவைத் திருடுவது அன்றாடச் செய்தி. 'ரேடியோ இல்லை' என்று அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இறங்கும்போது செட்டையே உருவிக் கையில் எடுத்துப் போகும் வகையும், முகப்பை மட்டும் கழற்றும் வகையும் விற்றன. திருடிய செட் திருடனுக்குப் பயன்படக் கூடாது என்ற எண்ணத்தில் வந்ததுதான் கோட்.

"ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் திறந்துகொள்ளும்"

இதை நம்பி ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசர் ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரி. இத்தகைய சிப்புகள் பொதுவாக மைனஸ் 40 வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. குளிரில் எண் அழிந்துவிடும் என்றால், பனி நாடுகளில் ஒவ்வொரு குளிர்காலமும் ரேடியோக்கள் தாமாகத் திறந்துகொள்ள வேண்டும். வெளியே எடுத்த பின் போர்டின் மேல் படியும் ஈரம்தான் மிச்சம்.

"0000 அல்லது 1000 போடு, எல்லாம் திறக்கும்"

ஃபோக்ஸ்வாகன் செட்டுகளில் எண்ணை மாற்றத் தொடங்கும் இடத்தில் திரையில் 1000 என்று வரும். இந்த வதந்திக்கு அதுவே விதையாக இருந்திருக்கலாம். அது தொடக்கப் புள்ளி மட்டுமே. கோட் என்பது அந்தந்த செட்டின் வரிசை எண்ணோடு பிணைந்தது.

பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபோக்ஸ்வாகன் கோட் நாலு இலக்கம். இரண்டு தடவை தப்பாகப் போட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். 10,000 எண்களையும் முயல 5,000 மணி நேரம், அதாவது இரவு பகலாக 208 நாள். ஹோண்டாவில் ஐந்து இலக்கம், ஆனால் 1 முதல் 6 வரையுள்ள பொத்தான்கள்தான். ஆக 7,776 எண்கள். பத்து முயற்சிக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு. அதுவும் ஒரு மாதத்தைத் தாண்டும்.

காத்திருப்பதிலும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. பூட்டிக்கொண்டதும் செட்டை அணைத்துவிட்டுக் காலையில் வந்து பார்ப்பார்கள். அப்போதும் அதே பூட்டு. இந்த வகை செட்டுகளை ஆன் செய்தபடியே விட்டால்தான் அந்த ஒரு மணி நேரம் ஓடும். ஹோண்டாவின் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்!

"சேஸிஸ் நம்பர் இருந்தால் போதும்"

பாதி உண்மை, அதனாலேயே அதிகம் அலையவிடுவது. கோட் ரேடியோவுக்கு உரியது, காருக்கு அல்ல. இந்த வண்டியில் கம்பெனி பொருத்திய செட் எது என்று ஷோரூமில் தேடவும், கேட்பவர்தான் உரிமையாளரா என்று சரிபார்க்கவும் சேஸிஸ் நம்பர் உதவும். முந்தைய உரிமையாளர் செட்டை மாற்றியிருந்தால், அந்தப் பதிவிலிருந்து வருவது இப்போது வண்டியில் இல்லாத ஒரு செட்டின் கோட். கையில் இருக்கவேண்டியது செட்டின் வரிசை எண். ஹோண்டாவின் பல மாடல்களில் செட்டை அணைத்து, 1, 6 இரண்டு பொத்தான்களையும் அழுத்தியபடி ஆன் செய்தால் அது திரையிலேயே இரண்டு பாதியாக வரும். வராத மாடல்களில் செட்டை உருவி, உடலில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும்.

அதற்கு முன் கிளவ் பாக்ஸின் உட்புறத்தையும், கையேட்டோடு வந்த சிறிய அட்டையையும் தேடுங்கள். பல பேருக்குத் தேடல் அங்கேயே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் ஆர்.சி.யோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர்தான் நேர்வழி. அமெரிக்காவில் ஹோண்டா, உரிமையாளர்களுக்கு இணையத்திலேயே கோடை இலவசமாகத் தருகிறது. பழைய ரெனோ, ஃபோர்டு செட்டுகள் சிலவற்றில் வரிசை எண்ணிலிருந்து கோடைக் கணக்கிடும் முறையே வெளியே வந்துவிட்டது. தன் உடம்பிலேயே விடையை எழுதி வைத்திருக்கும் பூட்டைத் திருட்டுக் காவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது சொந்தக்காரரைத்தான் அதிகம் தடுக்கிறது.

புதிய வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. செட் தன் வண்டியின் கணினியை அடையாளம் காணும். வேறு வண்டிக்கு மாற்றினால்தான் முரண்டு பிடிக்கும். பிந்தைய ஹோண்டா மாடல்கள் சிலவற்றில் பவர் பொத்தானை இரண்டு விநாடிக்குமேல் அழுத்திப் பிடித்தாலே திறந்துவிடும். கோடுக்காகக் காசு கொடுக்கும் முன் இதை ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

இலங்கையில் ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார் வாங்குவோரின் கதை வேறு. சில டொயோட்டா நேவிகேஷன் செட்டுகள் பேட்டரி கழன்றதும் ஈ.ஆர்.சி. எனப்படும் பூட்டில் விழும், திரையில் ஜப்பானிய எழுத்துகளோடு ஒரு நீண்ட வரிசை எண் நிற்கும். அந்தப் பூட்டைத் திறந்துவிட்டால் எல்லா வானொலியும் கேட்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜப்பானின் பழைய எஃப்.எம். அலைவரிசை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை. இலங்கையில் 88 முதல் 108 வரை. 90க்கு மேலே இருப்பதைக் கேட்க, கோட் சரியாகப் போட்ட பிறகும் ஒரு பேண்ட் எக்ஸ்பேண்டர் வாங்கி மாட்ட வேண்டும்.