பொறி பேசும் தமிழ்

கணிப்பொறியின் திரையிலே "கோப்பு காணப்படவில்லை" என்பது போன்ற வாக்கியங்கள் தோன்றுகின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்று மாணவர் பலர் ஆராய்ந்திரார். முன்னாளில் நிரல் எழுதுவோர் அவற்றை நிரலினுள்ளேயே ஆங்கிலத்தில் எழுதிவிடுவர். பிறமொழி வேண்டின் நிரலையே திருத்தல் வேண்டும். இவ்விடர் நீங்க, வாக்கியங்களைத் தனியே ஒரு பட்டியலாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் மொழிபெயர்ப்பை எழுதும் முறை ஏற்பட்டது. 1995-ஆம் ஆண்டில் குனு திட்டத்தார் வெளியிட்ட கெட்டெக்ஸ்ட் என்னும் கருவித்தொகுதி இம்முறையிலே அமைந்து இன்றளவும் வழங்கி வருகின்றது.

ஈது எளிதென்று தோன்றும். பட்டியலை நிரப்பப் புகுந்தவர்க்கே இடர் புலனாகும். ஒரு கோப்பை நீக்கலாமா என்று பொறி வினவும் வாக்கியத்தில், கோப்பின் பெயருக்காக ஒரு வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் எப்பெயர் வந்து புகினும் உருமாறாது. தமிழிலோ, இரண்டாம் வேற்றுமையுருபை ஏற்குங்கால் 'பாடம்' என்பது 'பாடத்தை' எனவும், 'ஏடு' என்பது 'ஏட்டை' எனவும் திரியும். இதனை ஓராது வெற்றிடத்தின்பின் 'ஐ' என்று எழுதிவைத்தால், திரையில் 'பாடம்ஐ நீக்கலாமா?' என்று வரும். யானும் என் முதற் பட்டியலில் இப்பிழையைச் செய்து, பின்னர்த் திரையிற் கண்டு நாணியதுண்டு. பரிகாரம் யாதெனின், பெயருக்குப் பின் 'என்னும் கோப்பை' என்று எழுதுதலேயாம். அப்பொழுது உருபு நாம் அறிந்த 'கோப்பு' என்னும் சொல்லின்மேல் ஏறும். புதுப்பெயர் திரியாது நிற்கும். ஆளின் பெயராயின் 'என்பவரை' என்றல் வேண்டும். வருவது கோப்போ ஆளோ என்று நிரலாசிரியர் ஒரு குறிப்பு எழுதிவைத்தாலன்றி, மொழிபெயர்ப்பவர் அதனை எங்ஙனம் அறிவர்?

வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பட்டியலிடுவோரும் உளர். வினைமுற்று இறுதியில் நிற்கும் மொழியில், அத்துண்டுகளை ஆங்கில வரிசைப்படி ஒட்டினால் பொருள் சிதைந்தொழியும்.

எண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானியத்திற்கு ஒரே வடிவம் போதும், தமிழுக்கு ஒருமை, பன்மை என இரண்டு, ரஷ்யத்திற்கு மூன்று, அரபிக்கு ஆறு. ரஷ்யத்தில் 21 என்னும் எண் 1-ஐப் போலவே நடத்தப்படும். இவ்விதிகள் பட்டியலின் தலைப்பிலேயே எழுதப்படும்.

நிற்க. மூலவாக்கியம் மாறும்பொழுது நேர்வதே யாவற்றினும் அஞ்சத்தக்கது. 'கோப்பு சேமிக்கப்படும்' என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியம் பின்னொருநாள் 'சேமிக்கப்படாது' என்று மாற்றப்பட்டதாகக் கொள்வோம். ஆங்கிலத்தில் வேறுபாடு ஒரே சொல். ஆகலின் கருவியானது பழைய மொழிபெயர்ப்பையே புதியதன்கீழ் வைத்து, ஐயத்திற்குரியது என்று ஓர் அடையாளம் இடும். அடையாளம் பெற்றவை பொதுவாக நிரலிற் சேர்க்கப்படா. அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். அங்ஙனம் தோன்றுதல் குறையன்று. ஆயினும், பட்டியல் முற்றும் நிறைந்தது என்று காட்டும் ஆவலால், படியாமலே அவ்வடையாளங்களை அழித்துவிடுவோர் உண்டு. அப்பொழுது தமிழ் மட்டும் அறிந்த ஒருவர், பகல் முழுதும் எழுதிய கணக்குச் சேமிக்கப்படும் என்று திரையிற் படித்து, அமைதியாகப் பொறியை நிறுத்திவிட்டு வீடு செல்வார். மறுநாட் காலையில் அக்கணக்கு அங்கே இராது.