கொள்ளிவாய்ப் பிசாசும் குப்பைமேடும்

கொள்ளிவாய்ப் பிசாசின் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டுப் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளாதவர் நம்மில் யார்? சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றும் அந்தத் தீ, சேற்றிலிருந்து எழும் வாயு எரிவதால் உண்டாவது என்று அறிவியலார் விளக்கம் கூறுவர். 1776-ஆம் ஆண்டில் இத்தாலியின் மஜோரே ஏரியில் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்து ஆராய்ந்தார் வோல்ட்டா. அதுவே மீத்தேன். சாண எரிவாயு அடுப்பில் சோறு பொங்கித் தருவதும் இதுவே.

இதே வாயு குப்பைமேட்டின் அடியிலும் உண்டாகிறது. காய்கறித் தோல், எச்சில் இலை, காகிதம் முதலியன காற்றுப் புகாமல் புதைந்து கிடக்கையில் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கின்றன. அப்போது வெளிப்படுவதில் ஏறத்தாழப் பாதி மீத்தேன்; மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றே நாங்களும் நினைத்திருந்தோம். அது தவறு. மூடிய பின்னும் பல ஆண்டுகள் வாயு ஊறிக்கொண்டே இருக்கும்.

இங்கிலாந்தில் டார்பிஷயர் பகுதியிலுள்ள லாஸ்கோ என்னும் சிற்றூரில் நடந்ததைக் கேளுங்கள். செங்கல்லுக்குக் களிமண் வெட்டிய பள்ளத்தைக் குப்பையால் நிரப்பினார்கள். 1982-ல் கொட்டுவது நின்றது. 1986 மார்ச் 24 அன்று காலை ஆறரை மணிக்கு அருகிலிருந்த ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமாயிற்று. உள்ளே இருந்த மூவரும் பலத்த காயத்துடன் உயிர் பிழைத்தனர். அதற்கு முந்திய சில மணி நேரத்தில் காற்றழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. அதனால் மண்ணுக்குள் இருந்த வாயு, நிலத்தின் இடுக்குகள் வழியே அவ்வீட்டின் அடியில் வந்து சேர்ந்தது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் அதைப் பற்றவைத்துவிட்டது.

மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சமையல் வாயு கசிந்தால் மூக்கு சொல்லிவிடுகிறதே என்பீர்கள். அந்த நாற்றம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியில் பொறிக்கா பஞ்சம்! சென்னைப் பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலிலும், கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலிலும் தீப்பற்றியபோது அணைக்கப் பல நாட்கள் ஆயின.

நம் கரிசல் மண்ணை எண்ணிப் பாருங்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மழை பெய்தாலோ உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்கிறது. மேலே வழி அடைபட்ட வாயு பக்கவாட்டில் வழி தேடும். சாக்கடையும், குழாய் பதித்த பள்ளமும், தரை விரிசலும் அதற்குப் பாதையாகும். அத்தகைய இடத்தில் வீடு இருந்தால் தரை விரிசல்களைப் பூசி அடைத்து, அறைகளில் காற்றோட்டம் இருக்கச் செய்ய வேண்டும். வாயு புகுந்திருப்பதாக ஐயம் எழுந்தால் தீக்குச்சியைக் கிழிக்கக் கூடாது. மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறி, தள்ளி நின்று 101-க்குச் சொல்ல வேண்டும்.

இதை எழுதுமுன் எங்கள் வீடுகள் இருக்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு வந்தோம். பெரும்பாலும் பருத்திக்காடு, கம்மங்காடு. ஒரு தோழியின் வீட்டில் புதுமனைக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். அது எந்த இடம் என்று கேட்ட பாட்டி, "அங்க பெரிய கல்குழியில்ல கெடந்துச்சு! ஊர்க் குப்பையெல்லாம் அதுலதான கொட்டுனோம்" என்றாராம். தோழியின் அப்பா பத்திரம் எழுதுவதைத் தள்ளி வைத்திருக்கிறார்.