நீர்ப்பம்பி இயந்திரத்தின் எண்ணெய் மாற்றுதல்: நேரும் தவறுகளும் இலகுவாக வடிக்கும் முறைகளும்

துலாவும் சூத்திரமும் செய்த வேலையை இன்று கிணற்றடியில் நிற்கும் சிறிய நீர்ப்பம்பி செய்கின்றது. வெங்காயம், மிளகாய் முதலிய தோட்டப் பயிர்கள் வாடாதிருப்பது அவ்வியந்திரம் தடையின்றி ஓடுவதிலேயே தங்கியுள்ளது. ஏறக்குறைய 5 குதிரைவலுவுள்ள நான்கடிப்புப் பம்பி இயந்திரம் ஒன்று கொள்ளும் எண்ணெய் 600 மில்லிலீற்றர் அளவே. அச்சிறு அளவு எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமையாலும், மாற்றும்போது விடும் பிழைகளாலும் நல்ல இயந்திரங்கள் பல பழுதடைகின்றன. பெற்றோலுடன் எண்ணெயைக் கலந்து ஓட்டும் இரண்டடிப்பு இயந்திரங்களுக்கு இவ்வேலை இல்லை.

எண்ணெய் பழுதடையும் விதம்

இயந்திரம் ஓடும்போது கரியும் நுண்ணிய உலோகத் தூளும் எண்ணெயிற் கலக்கின்றன. மோட்டார் வண்டியிலுள்ள எண்ணெய் வடிகட்டி இத்தகைய சிறு இயந்திரங்களிற் பெரும்பாலும் இல்லை. ஆகவே அழுக்கு யாவும் எண்ணெயிலேயே தங்கிவிடும். மண்ணெண்ணெயில் ஓட்டப்படும் பம்பிகளில் மேலும் ஒரு கேடு உண்டு. எரியாத மண்ணெண்ணெய் உட்புகுந்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெயின் மட்டம் குறையாமல் உயர்ந்து, மண்ணெண்ணெய் மணமும் வீசுமாயின் உடனே மாற்றுதல் வேண்டும்.

புதிய இயந்திரத்துக்கு முதல் 20 மணித்தியால ஓட்டத்தின் பின்னரும், அதன்பின் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுமாறு இவ்வகை இயந்திரங்களின் கைந்நூல்கள் பல கூறுகின்றன. நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் இறைப்பவருக்கு 25 நாளில் 100 மணித்தியாலம் நிறைவெய்தும். எனவே கோடைகாலத்தில் 6 மாதக் கணக்கை நம்பியிருத்தல் தவறாகும். இறைத்த மணித்தியாலங்களைப் பம்பிக் கொட்டிலின் சுவரில் குறித்து வருதல் நன்று.

பொதுவாக நேரும் தவறுகள்

வடியாணியைத் தவறான திசையில் திருகுதல்: ஆணியின் தலையை நேரே நோக்கும்போது, மணிக்கூட்டு முள் செல்லும் திசைக்கு எதிராகத் திருகினாலே அது கழலும். மேலிருந்து குனிந்தோ பின்புறமிருந்து கையை நீட்டியோ திருகுபவருக்குத் திசை மாறித் தோன்றும். அவ்வாறு மேலும் இறுக்கிவிடின், மென்மையான அலுமினியத்தாலான உடலின் புரி கழன்றுவிடும். ஆணி சிறிது, பழுதோ பெரிது.

மற்றோர் ஆணியைக் கழற்றுதல்: ‘லான்ட்மாஸ்டர்’ என்று பலரும் அழைக்கும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் இத்தவறு நேர்கின்றது. எஞ்சினுக்கு ஓர் ஆணியும் கியர்ப் பெட்டிக்கு வேறோர் ஆணியும் உண்டு. கியர்ப் பெட்டியின் எண்ணெயை வடித்துவிட்டு எஞ்சினுக்குள் புதிய எண்ணெயை ஊற்றின், ஒன்று வறண்டும் மற்றது அளவுக்கு மிஞ்சி நிரம்பியும் இரண்டும் கெடும். சரியான ஆணியை முன்னரே கண்டறிந்து, அதனருகே வெள்ளை நிறப் புள்ளி ஒன்று இடுதல் வேண்டும்.

பழைய வோசரைக் கவனியாது விடுதல்: ஆணியின் வோசர் சில வேளைகளில் இயந்திரத்தின் உடலிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதிய வோசரை வைத்து இறுக்கின் எண்ணெய் கசியும்.

பம்பியைத் தவறான பக்கம் சரித்தல்: காற்று வடிகட்டி உள்ள பக்கம் கீழாகச் சரித்தால், எண்ணெய் அதனுட் சென்று வடிகட்டியைக் கெடுக்கும், எரிபொருளும் சிந்தும்.

எண்ணெய் ஊற்ற மறத்தல்: வடித்தபின் வேறு வேலைக்குச் சென்று, திரும்பி வந்து இயந்திரத்தை இயக்கிவிடுதல் உண்டு. எண்ணெயின்றிச் சில நிமிடம் ஓடினாலே இயந்திரம் இறுகிப்போகலாம். வடிக்கத் தொடங்குமுன் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, புதிய எண்ணெய்ப் போத்தலுடன் சேர்த்துக் கட்டிவைத்தால் இம்மறதி நேராது.

இலகுவாக வடிப்பதற்கான ஆயத்தங்கள்

வடியாணி நிலத்தோடு ஒட்டியிருப்பதே சிரமங்களுட் பெரியது. பம்பியின் குழாய்களைக் கழற்றி, கிணற்றுக்கு அப்பால் எடுத்துச் சென்று, ஆடாத கற்கள் நான்கின்மேல் வைத்தால், கீழே அகன்ற தட்டம் வைக்க இடமுண்டாகும். வடியாணி உள்ள பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு எதிர்ப்பக்கக் கற்களின்மேல் மெல்லிய பலகைத் துண்டு வைக்கலாம்.

எண்ணெய் நேரே விழாமல் இரும்புச் சட்டத்தில் வழிந்தோடுதல் மற்றொரு தொல்லையாகும். இதற்கு வாழைமடல் துண்டு ஒன்றே போதும். இயற்கையாகவே பீலிபோல் அமைந்த அதனை ஆணியின் கீழ்ச் செருகின், எண்ணெய் அதன் வழியே தட்டத்துட் சேரும். நீளவாக்கில் வெட்டிய பிளாஸ்டிக் போத்தலும் உதவும். தட்டத்தின்மேல் கம்பிவலைத் துண்டு ஒன்றை இட்டால், கைதவறி விழும் ஆணியும் வோசரும் எண்ணெயுள் மறையமாட்டா.

செய்முறை

1. இயந்திரத்தைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, 10 அல்லது 15 நிமிடம் ஆறவிடுக. இளஞ்சூடான எண்ணெய் விரைந்து ஓடி அழுக்கையும் உடன் கொண்டுசெல்லும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுடும்.

2. எரிபொருட் குழாயை மூடி, பிளக்கின் தொப்பியைக் கழற்றுக.

3. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியை முதலிற் கழற்றுக. மேல்வழியே காற்றுப் புகுவதால் எண்ணெய் விட்டுவிட்டுக் கொப்பளியாமல் சீராக வடியும். அம்மூடி கழலாதாயின் வடியாணியைத் தொடாதிருத்தல் நன்று.

4. ஆணியின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பனரைக் கொண்டு தளர்த்தி, இறுதிச் சுற்றுகளை விரலால் உள்நோக்கி அழுத்தியபடி திருகி, சட்டென விலக்குக.

5. எண்ணெய் சொட்டுச் சொட்டாகும்வரை பொறுத்திருந்து, ஆணியையும் துளையின் வாயையும் துடைத்து, புதிய வோசருடன் முதலில் விரலாலும் பின் ஸ்பனராலும் அளவோடு இறுக்குக.

6. பம்பியைச் சமநிலத்தில் வைத்து, கைந்நூல் கூறும் தர எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, அளவுகோலால் மட்டம் பார்க்க. அளவு மிஞ்சினால் புகை தள்ளும்; குறைந்தால் உறுப்புகள் தேயும்.

7. பிளக்கின் தொப்பியை மாட்டிச் சற்று நேரம் ஓட்டி, கசிவு உண்டோ எனப் பார்த்து, நிறுத்தியபின் மட்டத்தை மீண்டும் சோதிக்க.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றுதல் பெருங்கேடு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் குகையும் நிறைந்தது. மேலே ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரை அடையும். சுன்னாகத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமையால், 2015 ஆம் ஆண்டளவில் அங்குள்ளோர் குடிநீருக்குப் பட்ட துன்பம் நாடறிந்தது. அவ்வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. அங்கே காரணம் பம்பி எண்ணெய் அன்று. ஆயினும் எண்ணெய் கலந்த கிணற்றை மீளத் தூய்மையாக்குதல் எத்துணை அரிது என்பது எல்லோர்க்கும் பாடமாகும்.

கழிவெண்ணெயை இறுக மூடும் கலனில் இட்டு, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதனை ஏற்கும் கராச்சில் ஒப்படைத்தல் வேண்டும். குடிநீர்ப் போத்தலிலும் சமையலெண்ணெய்ப் போத்தலிலும் ஒருபோதும் இடலாகாது. சிந்தியதன்மேல் உமி அல்லது மரத்தூள் தூவி அள்ளியெடுக்க. பழைய எண்ணெய் தோலில் நெடுங்காலம் பட்டுவரின் புற்றுநோய்க்கும் ஏதுவாகலாம். ஆதலால் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் அவசியம், பெற்றோலாற் கழுவலாகாது.

கற்கள் நான்கும் வாழைமடல் ஒன்றும் அரைமணிப் பொறுமையும் இருப்பின், கமக்காரர் எவரும் இவ்வேலையைப் பழுதின்றிச் செய்துகொள்ளலாம். இயந்திரமும் நீடித்து உழைக்கும். கிணற்று நீரும் தூய்மையாக இருக்கும்.