காலமும் பொருளும் செம்மையும்

பெருங்காரியம் ஒன்றை மேற்கொள்வோர்க்கு மூன்று தளைகள் உள. குறித்த காலத்துள் முடித்தல் வேண்டும். வகுத்த பொருளுக்குள் அடங்கல் வேண்டும். எடுத்த வேலை செம்மையுற அமைதல் வேண்டும். இவை ஒன்றையொன்று இழுக்கும் இயல்பின. விரைவு மிகின் ஆளும் கூலியும் மிகும். சிக்கனம் மிகின் நாள் நீளும், அன்றேல் வேலை குறைவுபடும். ஆகவே எதனை நெகிழவிடுவது, எதனை விடாது பற்றுவது என ஆய்ந்து துணிதலே தலைவன் கடனாம்.

இதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தாரின் தமிழ் லெக்ஸிகன் நல்லதோர் சான்று. 1862-ல் வெளிவந்த வின்ஸ்லோ பாதிரியாரின் அகராதியினும் விரிந்ததொன்று வேண்டுமெனக் கருதி, 1913-ல் இப்பணியைத் தொடங்கினர். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சார்ந்த சாண்ட்லர் பாதிரியார் முதற் பதிப்பாசிரியராயினார். தொடக்கத்தில் மதித்த செலவு ஒரு லட்சம் ரூபாய். முடிவிலோ நான்கு லட்சத்தைக் கடந்தது. முதற் பகுதி 1924-ல் வெளியாயிற்று. ஆறாந் தொகுதி 1936-ல் நிறைவுற்றது.

இத்துணைத் தாழ்வு எற்றுக்கு? சொற்களைத் திரட்டுதல் மட்டும் போதாது. பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உரைத்து, சொல்லின் பிறப்பை ஆராய்ந்து, நூல்களினின்றும் மேற்கோள் காட்டல் வேண்டும். மேற்கோளை விடுத்திருப்பின் காலமும் பணமும் மிஞ்சியிருக்கும். ஆயின் நூலின் பெருமை அன்றே அழிந்திருக்கும். ஆதலின் செம்மையைப் பற்றி நின்று, ஏனை இரண்டையும் நெகிழவிட்டனர்.

எனினும் அந்நெகிழ்ச்சி எல்லையின்றிச் செல்லவில்லை. நூல் முழுதும் முற்றட்டும் எனக் காத்திராது, முடிந்தவற்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டனர். 1926 முதல் பதிப்பாசிரியராயிருந்து பணியை முற்றுவித்தவர் திரு. வையாபுரிப் பிள்ளை. விடுபட்ட சொற்களுக்கென ஓர் அநுபந்தம் 1939-ல் வெளிவந்தது. அச்சொற்கள் யாவும் சேர்ந்த பின்னரே அச்சிடுவோம் எனக் கருதியிருப்பின், நூல் இன்னும் பிற்பட்டிருக்கும்.

நெகிழ்ந்த காலத்துக்கும் விலையுண்டு. சாண்ட்லர் பாதிரியார் 1934-ல் காலமாயினார். தாம் தொடங்கிய நூல் முற்றியதை அவர் காணவில்லை. தொடக்கத்திலேயே செலவையும் காலத்தையும் மெய்யாக மதித்திருப்பின், பொருள் உதவியோர்க்கும் காத்திருந்தோர்க்கும் மனவருத்தம் குறைந்திருக்கும்.

மாணவர் இதனின்றும் கொள்ளத்தக்கன மூன்று. வேலை தொடங்குமுன்னரே எதனை விட்டுக்கொடுக்கலாகாது என்பதைத் துணிக. முடிந்த பகுதியை முடிந்தவாறே பயன்படுத்துக. மதிப்புத் தவறியதெனக் கண்ட அன்றே அதனை மறையாது உரியோர்க்கு அறிவிக்க. மூன்று தளைகளையும் அறுத்தல் எவர்க்கும் இயலாது. அறிந்து தாங்குதல் இயலும்.