ஐரோப்பியச் சந்தையில் மெல்லும் மிட்டாய்: விதிகளும் இடர்களும்

சர்க்கரைப் பாகு, ஸ்டார்ச்சு, ஜெலட்டின் அல்லது பிசின், சிறிது புளிப்பு, மணம், நிறம் - மெல்லும் மிட்டாயின் உட்பொருள்கள் பெரும்பாலும் இவ்வளவே. நெடுநாள் கெடாத பண்டமாதலால் கப்பலில் அனுப்புவதும் எளிது. ஏற்றுமதித் துறையில் புதிதாக அடியெடுத்து வைப்போரை இது ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆயினும் 27 நாடுகள் அடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தில், குழந்தைகள் மிகுதியாக உண்ணும் பண்டம் என்ற காரணத்தாலேயே மிட்டாய் கூர்ந்து நோக்கப்படுகிறது. விலையிலும் சுவையிலும் வெற்றி பெற்ற சரக்கு, ஒரு நிறமியாலோ ஒரு பிசினாலோ துறைமுகத்தில் முடங்கிவிடக்கூடும்.

இவ்விதிகளில் சில, குழந்தைகளின் உயிரிழப்பிலிருந்து பிறந்தவை. சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடைத்து, அதை அழுத்தி ஒரே வாயில் உறிஞ்சி உண்ணும் ஜெல்லி மிட்டாய் கிழக்கு ஆசியாவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. கோன்ஜாக் என்னும் கிழங்கின் மாவு அதற்குக் கெட்டித் தன்மை அளித்தது. இந்த ஜெல்லி உமிழ்நீரில் எளிதில் கரையாது. வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கும். மூச்சுக்குழலின் வாயை அடைத்தால் முதுகில் தட்டியும் வெளிவராது. ஐரோப்பாவுக்கு வெளியே பல நாடுகளில் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததைக் கண்ட ஐரோப்பிய ஆணையம், 2002 மார்ச்சில் கோன்ஜாக் (இ 425) கலந்த கிண்ண ஜெல்லியின் விற்பனையை நிறுத்தியது. 2003 இல் பிற ஜெல்லி மிட்டாய்களிலும் கோன்ஜாக் விலக்கப்பட்டது.

அதன்பின் நடந்தது கவனிக்கத்தக்கது. கோன்ஜாக் போனால் என்ன என்று, கடற்பாசிப் பிசின், கொத்தவரைப் பிசின் முதலியவற்றைக் கொண்டு அதே கிண்ண ஜெல்லி தயாரிக்கப்பட்டது. ஆபத்து பிசினின் பெயரில் இல்லை. பண்டத்தின் வடிவம், அளவு, உறுதி, உண்ணும் முறை ஆகியவை சேர்ந்தே அதை விளைவிக்கின்றன என்பது தெளிவாயிற்று. 2004 ஏப்ரலில் அப்பிசின்களுக்கும் தடை நீண்டது. எச்சரிக்கை வாசகம் அச்சிட்டால் போதும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. படிக்கத் தெரியாத குழந்தைக்கு வாசகத்தால் என்ன பயன்? உட்பொருள் பட்டியலை மட்டும் சரிபார்த்துவிட்டு, வடிவத்தை மறந்துவிடும் ஏற்றுமதியாளருக்கு இதில் பாடம் உண்டு.

இந்திய உற்பத்தியாளர் இடறி விழ வாய்ப்பு மிகுந்த இடம் நிறமிகளே. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் எட்டு. அவற்றுள் ஃபாஸ்ட் கிரீன் என்னும் பச்சை நிறமிக்கு ஐரோப்பாவில் இடமே இல்லை. எரித்ரோசின் என்னும் சிவப்பு, பதப்படுத்திய செர்ரிப் பழங்களுக்கு மட்டுமே உரியது, மிட்டாய்க்கு ஆகாது. டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4 ஆர் ஆகிய நான்கையும் வரம்புக்கு உட்பட்டுச் சேர்க்கலாம். ஆனால், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற வாசகத்தை உறையில் அச்சிட வேண்டும். சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு 2007 இல் வெளியானதைத் தொடர்ந்து இயற்றப்பட்ட இந்த விதி, 2010 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. ஆய்வின் சான்று வலுவற்றது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே கருதியபோதும், சட்டம் எச்சரிக்கையின் பக்கமே நின்றது. அத்தகைய வாசகம் தாங்கிய மிட்டாயை எந்தத் தாய் விரும்பி வாங்குவாள்? ஆகவே உற்பத்தியாளர் பலர் மஞ்சள், மிளகாய், பீட்ரூட் ஆகியவற்றின் சாற்று நிறங்களுக்கு மாறினர். மஞ்சளும் மிளகாயும் விளையும் இந்தியாவுக்கு இதனால் ஒரு வாய்ப்பும் உண்டு.

மிட்டாய்க்கு வெண்மையும் பளபளப்பும் தந்த டைட்டானியம் டை ஆக்சைடு (இ 171) மற்றோர் எடுத்துக்காட்டு. அது மரபணுக்களுக்குத் தீங்கு விளைவிக்கும் என்ற ஐயத்தை நீக்க இயலவில்லை என்று 2021 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டு 7 வரையிலான மாறுதல் காலத்திற்குப் பின், உணவில் அதன் பயன்பாடு முற்றிலும் நின்றது.

ஜெலட்டின் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. மிட்டாய் இந்தியாவில் தயாரிக்கப்பட்டாலும், அதில் சேரும் ஜெலட்டின் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆலையிலிருந்து வந்திருக்க வேண்டும். தாவரப் பிசினுக்கு மாறினால் தொல்லை தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. 2007 இல் இந்தியக் கொத்தவரைப் பிசினில் பென்டாகுளோரோஃபீனால் என்னும் நச்சு வேதிப்பொருளும் டையாக்சினும் காணப்பட்டன. அதன் விளைவாக, அந்த வேதிப்பொருள் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மிகவில்லை என்ற ஆய்வுச் சான்றுடன் சரக்கை அனுப்பும் கட்டாயம் 2008 இல் ஏற்பட்டது. 2020 இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு கண்டறியப்பட்டபோது, எள் மட்டுமன்றி எள் சேர்ந்த பண்டங்களும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மூலப்பொருள் விற்பவரின் சொல்லை மட்டும் நம்புவது எத்துணை இடரானது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

உறையின் வாசகங்களை 2011 ஆம் ஆண்டின் 1169 ஆம் எண் ஒழுங்குமுறை ஆள்கிறது. விற்கப்படும் நாட்டில் எளிதில் விளங்கும் மொழியில் அவை இருத்தல் வேண்டும். ஜெர்மனிக்கு அச்சிட்ட உறை போலந்துக்கு உதவாது. பால், கோதுமை, எள், நிலக்கடலை உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்துத் தெரியும் எழுத்தில் காட்ட வேண்டும். சர்க்கரைக்கு மாற்றாகச் சார்பிட்டால் போன்றவற்றை 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்த்தால், மிகுதியாக உண்பது பேதி உண்டாக்கலாம் என்றும் குறிப்பிட வேண்டும்.

உறையில் ஐரோப்பிய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இடம்பெறுவதால் சட்டப் பொறுப்பு முதலில் அவரையே சாரும். ஆதலால் அவர் ஒப்பந்தத்தின் வழியே அச்சுமையை ஏற்றுமதியாளர் மீது மாற்ற முயல்வார். சரக்கு யாரிடமிருந்து வந்தது, யாருக்குச் சென்றது என்ற பதிவேடு, 2002 ஆம் ஆண்டின் 178 ஆம் எண் உணவுச் சட்டப்படி அவருக்குக் கட்டாயம். ஒரு நாட்டில் குறை காணப்பட்டால், 1979 இல் தொடங்கிய விரைவு எச்சரிக்கை அமைப்பின் வழியே அச்செய்தி மற்ற நாடுகளுக்கும் உடனே சென்றுவிடும். மறுக்கப்பட்ட சரக்கைத் திருப்பி அனுப்பலாம், அழிக்கலாம், அல்லது அதிகாரிகள் இசைந்தால் வேறு பயனுக்கு மாற்றலாம். கிடங்கு வாடகையும் திரும்பும் கப்பல் கட்டணமும் சேர்ந்தால் மிட்டாயின் விலையையே விஞ்சிவிடும் என்பதால், சிறு உற்பத்தியாளர்க்குப் பல வேளைகளில் அழிப்பதே மலிவாக முடிகிறது. கொள்முதல் ஆணை கையெழுத்தாவதற்கு முன்பே, நிறமிப் பட்டியலையும் உறையின் மாதிரியையும் இறக்குமதியாளருக்கு அனுப்பி எழுத்து மூலம் இசைவு பெறுவதற்கு ஆகும் செலவு, அஞ்சல் செலவும் சில வாரக் காத்திருப்பும் மட்டுமே.