சிவகாசியில் குடியேறிய சித்திர மாந்தர்

நுழையும் முன்

ஒரு மொழியில் பிறந்த சித்திரக்கதை மாந்தர் மற்றொரு மொழிக்குள் நுழையும்போது அவர்தம் உருவம் மாறுவதில்லை. பெயரும் பேச்சுமே மாறுகின்றன. அம்மாற்றம் செம்மையாக அமைந்தால் விருந்தினராக வந்தவர் வீட்டாராகிவிடுகிறார். பிரித்தானியச் சித்திர மாந்தர் சிவகாசியின் வழியே தமிழ்ச் சிறுவர்க்குத் தோழராகிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மீண்டும் மீண்டும் வருவோர்

தெனாலிராமன் கதையைக் கேட்கும் குழந்தை, அடுத்த கதையிலும் அவனையே எதிர்பார்க்கிறது. வீரமாமுனிவர் படைத்த பரமார்த்த குருவும் சீடர்களும் கதைதோறும் புதிய இடரில் சிக்கினாலும் அவர்களுடைய இயல்பு மாறுவதேயில்லை. கதை புதிது; ஆள் பழையவர். தொடர்மாந்தரின் கவர்ச்சி இதில்தான் அடங்கியுள்ளது.

பிரித்தானிய நகைச்சுவை இதழ்கள் இவ்வுத்தியை வார வழக்கமாக்கின. 1867ஆம் ஆண்டு 'ஜூடி' என்னும் இதழில் ஆலி ஸ்லோப்பர் தோன்றினார். வாடகை கேட்போர் கதவைத் தட்டினால் சந்துவழியே நழுவிவிடுபவர் என்பதே அப்பெயரின் குறிப்பு. 1884இல் அவர் பெயராலேயே ஒரு வார இதழ் பிறந்தது. பின்னர் ஸ்காட்லாந்தின் டண்டி நகரிலிருந்து 'டேண்டி' 1937இலும் 'பீனோ' 1938இலும் வெளிவரத் தொடங்கின. சிவப்பும் கறுப்பும் கலந்த கோடிட்ட மேலாடை அணிந்த குறும்பன் டென்னிஸ், 1951இல் பீனோவில் அறிமுகமானான். எழுபது ஆண்டுகள் கடந்தும் அவனுக்கு வயது ஏறவில்லை.

எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள் எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. ஸ்லோப்பரிடம் எள்ளலையும் டென்னிஸிடம் இளமையையும் நாம் எளிதில் காணலாம். நிலம் வேறாயினும் நகை பிறக்கும் இடம் ஒன்றே.

> தெரியுமா?
> டேண்டி இதழின் அச்சுப்பதிப்பு 75 ஆண்டுகளை நிறைவு செய்து 2012 டிசம்பரில் நின்றது. பீனோ இன்றும் வெளிவருகிறது.

தீப்பெட்டியிலிருந்து சித்திரக்கதைக்கு

மழை குறைந்த கரிசல் பூமியில் அமைந்தது சிவகாசி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பின்னர்ப் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன. அத்தேவை அச்சகங்களை வளர்த்தது. நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநூல் எனப் பெருகிய அச்சுத்தொழில், சித்திரக்கதைக்கும் இடம் தந்தது.

நகைச்சுவை இதழ்களோடு சாகசக் கதைகளைத் தாங்கிய வார இதழ்களும் பிரித்தானியாவில் செழித்திருந்தன. 1962இல் 'வேலியன்ட்' இதழில் தோன்றிய லூயிஸ் கிராண்டேல், வலக்கையை இழந்து எஃகுக்கை பூண்டவர். மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறையும். எஃகுக்கை மட்டும் தெரியும். 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், அவரை 'இரும்புக்கை மாயாவி' என்று தமிழுக்கு அழைத்துவந்தது. 1984இல் விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் பிறந்தது. ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அதன்வழி வந்தனர். பெல்ஜிய நாட்டு நகைச்சுவை வீரன் லக்கி லூக்கும், ஷெரீப் டாக்புல்லும் அவருடைய அப்பாவி உதவியாளர் ஆர்டினும் அவர்களைத் தொடர்ந்தனர்.

பெயரும் பேச்சும்

'ஸ்டீல் கிளா' என்பதற்கு எஃகு நகம் என்றே பொருள். அதனை அப்படியே பெயர்த்திருந்தால் அது ஒரு பொருளின் பெயராக நின்றிருக்கும். 'மாயாவி' என்ற சொல்லோ, மாயக்கதை கேட்டு வளர்ந்த செவிக்கு ஓர் ஆளையே காட்டிவிட்டது. ஸ்பைடரின் கதையொன்று 'எத்தனுக்கு எத்தன்' என்று தலைப்புப் பெற்றது. தற்பெருமை பேசும் ஆர்ச்சிக்குச் 'சட்டித்தலையன்' என்னும் செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பிரித்தானிய நகைச்சுவை மாந்தரின் பெயர்களில் ஓசைநயம் மிகுதி. 'ரோஜர் த டாட்ஜர்' என்பதில் இயைபும், 'மின்னி த மிங்ஸ்' என்பதில் மோனையும் ஒலிக்கின்றன. தமிழில் பக்கங்களின் இடையே சிரிப்பூட்டிய 'விச்சு கிச்சு' என்ற பெயர்களில் எதுகை தானே வந்து அமர்ந்தது.

உரையாடலை மொழிபெயர்ப்போர்க்கு மற்றோர் இடர் உண்டு. பேச்சுக் குமிழியின் அளவு மாறாது. விகுதிகள் ஒட்டி நீளும் தமிழ்ச்சொற்கள் அதற்குள் அடங்க வேண்டும். படத்திலுள்ள முகபாவத்தோடும் பொருந்த வேண்டும். ஆகவே சுருங்கச் சொல்லலும் பேச்சுவழக்கும் கைகோத்தன. 'டமால்', 'படார்' போன்ற ஒலிக்குறிப்புகளுக்கோ பட்டாசு நகரில் பஞ்சமில்லை!

சிரிப்பதற்கும் ஓய்வு வேண்டும்

இவ்வரலாற்றுக்கு ஒரு நிழலும் உண்டு. சிறுவர்க்காகப் படக்கதை அச்சான இதே வட்டாரத்தில், தீக்குச்சி அடுக்குவதிலும் தீப்பெட்டி ஒட்டுவதிலும் குழந்தைப் பருவத்தை இழந்தோர் பலர். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அபாயத் தொழில்களிலிருந்து சிறுவரை விடுவித்துக் கல்வி அளிக்க வேண்டும் என வலியுறுத்தியது. டென்னிஸின் குறும்புக்குப் பள்ளியும் தெருவும் மாலைப்பொழுதும் வேண்டும். குறும்பு செய்யவும், அதைப் படித்துச் சிரிக்கவும் ஓய்வு வேண்டும். நகைச்சுவை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் புரட்டும் கை விடுதலை பெற்றிருக்க வேண்டும்.

முத்து காமிக்ஸ் 2022இல் ஐம்பதாம் ஆண்டை எட்டியது. பாடநூலுக்குள் மறைத்துவைத்து மாயாவியைப் படித்த சிறுவர் இன்று பெரியவராயினர். மாயாவியோ அன்று கண்டபடியே நிற்கிறார். அவர் முதலில் பேசிய மொழி எதுவாயினும், நம் நினைவில் அவர் பேசுவது தமிழே.

கற்பவை கற்றபின்...

1. உங்களுக்குப் பிடித்த சித்திரக்கதை மாந்தர் ஒருவருக்குப் பொருத்தமான தமிழ்ப்பெயர் சூட்டி, அதற்கான காரணத்தை எழுதுக.
2. பரமார்த்த குரு கதையொன்றை ஆறு கட்டங்கள் கொண்ட சித்திரக்கதையாக மாற்றுக. ஒவ்வொரு குமிழியிலும் ஐந்து சொற்களுக்கு மேற்படாதவாறு உரையாடல் அமைக்க.
3. 'ஓய்வும் குழந்தையின் உரிமையே' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.