நாய்த்தலையர் என்ன விற்றார்கள்?

அன்புத் தம்பிக்கு,

உன் கதையின் முதல் மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். போடிமெட்டுக்கு மேலே, மேகம் இறங்கும் ஏலக்காட்டுக்குள், நாய்முகம் கொண்ட மனித இனம் ஒன்றைக் குடிவைத்திருக்கிறாய். அவர்கள் இரவில் குரங்கணிப் பக்கம் இறங்கி வந்து ஆடு தூக்குகிறார்கள், ஊளையிடுகிறார்கள், மூன்றாம் அத்தியாயத்தில் உன் கதாநாயகன் கையால் கூட்டமாகச் சாகிறார்கள். கற்பனைக்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தின் அடியில், ‘இந்த இனம் நம் மலையில் இருந்ததைக் கிரேக்கர்களே எழுதி வைத்திருக்கிறார்களாமே, ஐயா?’ என்று கேட்டிருக்கிறாய் பார், அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. கிரேக்கர்கள் எழுதியது உண்மை. நம் மலையைப் பற்றி எழுதினார்கள் என்பது உண்மையில்லை. அதைவிட முக்கியமாக, அவர்கள் எழுதி வைத்த நாய்த்தலையர்களுக்கும் உன் கதையில் வரும் கூட்டத்துக்கும் தலையைத் தவிர வேறு எந்த ஒற்றுமையும் இல்லை.

எழுதியவர் கினிடஸ் ஊர்க்காரரான கிடேசியாஸ். பாரசீக மன்னன் இரண்டாம் அர்த்தக்செர்க்ஸிஸின் அரண்மனை வைத்தியர். இந்தியாவுக்கு வந்தவரில்லை; அரண்மனைக்கு வந்து போனவர்களிடம் கேட்டதை வைத்துக் கி.மு. 400ஐ ஒட்டி ‘இண்டிகா’ என்ற நூலை எழுதினார். மூல நூல் அழிந்துவிட்டது. 9ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளின் ஃபோட்டியஸ் எழுதிய சுருக்கமும், பிறர் எடுத்தாண்ட பகுதிகளுமே மிச்சம். அதில் நாய்த்தலையர்கள் சிந்து நதி வரை நீளும் மலைகளில் இருக்கிறார்கள். அது வடக்கு, தம்பி. பெயர் தெரியாத மலை எல்லாவற்றையும் நம் ஊர் மலையாக்கிக்கொள்ளும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு; போடிக்காரர்களாவது அதிலிருந்து விலகி நிற்கலாம். அந்த மலைமக்களுக்கு நாய்த் தலை, நாய் நகம், வால் எல்லாம் உண்டு. குரைத்துத்தான் பேசுவார்கள், ஆனால் இந்தியர்களின் பேச்சு அவர்களுக்கு விளங்கும், பதிலைக் குரைப்பிலும் கைச்சாடையிலும் சொல்வார்கள். குகையில் வாழ்ந்து, இலைப்படுக்கையில் தூங்கி, இறைச்சியை வெயிலில் காயவைத்து உண்பார்கள். ஆடு அதிகம் வைத்திருப்பவன் பணக்காரன். 170 வயது, சிலர் 200 வயது வரை வாழ்வார்கள். அத்தனைக்கும் மேலாக, நேர்மையானவர்கள்.

இதுவரை சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இதற்குப் பிறகு வருவதை ஏனோ அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. அந்த மக்கள் ஒரு மரத்தின் பழத்தைக் காயவைத்து, கிரேக்கர்கள் உலர்திராட்சையை அடைப்பதுபோலக் கூடைகளில் அடைக்கிறார்கள். மிதவை கட்டி, அதில் பழக்கூடையையும் சாயத்துக்கான பூவையும் அம்பர் போன்ற ஒரு பிசினையும் ஏற்றி ஆண்டுதோறும் கீழே அனுப்புகிறார்கள். ஒருவகைச் சிவப்புப் பூச்சியை அரைத்து எடுக்கும் சாயமும் அந்த நாட்டுச் சரக்கு. அந்தப் பூச்சியும் பிசினும் அரக்காகத்தான் இருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் கருதியிருக்கிறார்கள். எனக்கும் அதில் ஐயமில்லை. கீழே வந்து அவர்கள் வாங்கிப்போவது ரொட்டி, மாவு, பருத்தித் துணி, வேட்டைக்கு வாள். இந்திய அரசன் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அவர்களுக்கு 3,00,000 வில்லும், அதே அளவு ஈட்டியும், 1,20,000 கேடயமும், 50,000 வாளும் கொடுக்கிறானாம். எண்களை நம்ப வேண்டாம். ஆனால் இந்தப் பட்டியலின் வடிவம் உனக்குத் தெரிந்ததுதானே? மேலிருந்து பிசின், சாயம், உலர்பழம். கீழிருந்து தானியம், துணி, இரும்பு. மலையடிவாரச் சந்தை ஒன்றின் கணக்கு இது. வைத்தியர் அதை விந்தைக் கதை என்று நினைத்துக் குறித்துக்கொண்டார்.

என் கருத்து இதுதான்: நாய்த்தலையை மலைக்குக் கொண்டுபோய் வைத்தவன் அடிவாரத்து இடைத்தரகன். மலைச்சரக்கை வாங்கி அரண்மனை வரை கைமாற்றி விடுகிறவனுக்கு, அந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தாலும் யாரும் அங்கே போகத் துணியக் கூடாது. வாசனைப் பொருள் வணிகத்தில் இது பழைய தந்திரம். லவங்கப்பட்டையைப் பெரிய பறவைகள் கூடு கட்டக் கொண்டுபோகும், இறைச்சித் துண்டை வைத்து அந்தக் கூட்டைச் சரியவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஹெரோடோட்டஸ் எழுதினார். இந்தக் கதையெல்லாம் விலையை ஏற்றுவதற்காகக் கட்டியது என்று பிளினி 1ஆம் நூற்றாண்டிலேயே போட்டு உடைத்துவிட்டார். அவர் உடைத்தும் பயனில்லை. மிளகுக் காட்டைப் பாம்பு காக்கிறது, தீ வைத்துப் பாம்பை விரட்டுவதால்தான் மிளகு கறுக்கிறது என்று 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிதோர் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் கொல்லத்துக்கு வந்து தங்கிய மரிக்னோல்லி என்ற பாதிரியார்தான், மிளகு தோட்டத்தில் கொடியாகப் படர்கிறது, யாரும் தீ வைப்பதில்லை என்று நேரில் பார்த்துச் சொன்னார். சரக்கு விளையும் இடத்துக்கு வாங்குபவன் போய்ச் சேர்ந்ததும் பாம்பு மறைந்துவிடுகிறது.

நாய்முகத்தார் எங்கெல்லாம் தோன்றுகிறார்கள் என்று ஒரு வரைபடத்தில் குறித்துப் பார். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தமானில் வைக்கிறார். அங்கே வாசனைப் பொருள் நிறைய உண்டு என்று மறக்காமல் சேர்க்கிறார். இபன் பதூதா சுமத்ராவுக்குப் போகும் வழியில் நாய்வாய் கொண்ட மக்களைச் சொல்கிறார். அவர்கள் வெளியாரோடு கடற்கரையில் மட்டும் வியாபாரம் செய்வார்கள், ஊருக்குள் விடமாட்டார்கள். ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்க வணிகக் கையேட்டிலும் இதே ஒழுங்கு வருகிறது: சீனத்தின் எல்லையில் தட்டை முகக்காரர்கள் சிலர் கூடை சுமந்து குடும்பத்தோடு வந்து, பாய் விரித்துச் சில நாள் கூடிக் களித்துவிட்டுப் போவார்கள், அவர்கள் விட்டுப்போன இலைகளை மற்றவர்கள் பொறுக்கி வாசனைச் சரக்காக்குவார்கள். முகம் வினோதமாகிற இடமெல்லாம், பேச்சு இல்லாமல் பண்டம் கைமாறுகிற இடம்.

‘பயமுறுத்துவதுதான் நோக்கமென்றால், அவர்களை நேர்மையானவர்கள் என்று ஏன் புகழ வேண்டும்?’ என்று நீ கேட்கலாம். நல்ல கேள்வி. பேச்சில்லாத வணிகம் நேர்மையில்தான் நடக்கும்; கூடையின் அடியில் கல் இருந்தால் அடுத்த ஆண்டு சந்தையே இல்லை. சரக்கு சுத்தமானது என்று வாங்குகிறவன் நம்ப வேண்டும், அங்கே போகவும் அஞ்ச வேண்டும். தரகனுக்கு இரண்டும் தேவை. அடுத்த தடை, இவர்கள் வெறும் குரங்குகள்தானே என்பது. நாய்த்தலையன் என்ற பெயரைக் கிரேக்கர்கள் பபூன் குரங்குக்கும் வைத்திருந்ததால் இந்த விளக்கம் படித்தவர்களிடையே செல்வாக்கானது. எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். எந்தக் குரங்கு மாவு வாங்கியது? இதைப் பிரான்ஸில் கார்பி மடத்துத் துறவி ராட்ராம்னஸ் 9ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்துவைத்துவிட்டார். வடதிசைக்குச் சமயப்பணிக்குப் போன ரிம்பெர்ட், நாய்த்தலையர்கள் மனிதரா விலங்கா என்று கேட்டதற்கு அவர் ஒரு கடிதத்தில் விடையளித்தார். ஊராகக் கூடி வாழ்கிறார்கள், உழுகிறார்கள், உடல் மறைக்க உடுத்துகிறார்கள், கால்நடை வளர்க்கிறார்கள். இவையெல்லாம் பகுத்தறிவின் அடையாளம், ஆகவே மனிதர்களே என்பது அவர் முடிவு. தலையைப் பார்க்காமல் வாழ்க்கையைப் பார்த்த அந்த ஒரு கடிதத்துக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

மூன்றாவது தடை கனமானது. தெற்குச் சீனத்தில் பான்ஹு என்ற நாயைத் தங்கள் மூதாதையாகப் போற்றும் யாவ் மக்கள் இருக்கிறார்கள். அங்கே நாய் வெளியார் ஒட்டிய தலையில்லை, சொந்தப் பெருமை. என் வணிக விளக்கம் அங்கே செல்லாது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு நட்டமில்லை. நாய்த்தலையர்கள் ஏன் சந்தையின் விளிம்பில் தோன்றுகிறார்கள் என்பதைத்தான் என் விளக்கம் சொல்லும். ஏன் புலித்தலையோ மான்தலையோ ஆகாமல் நாய்த்தலை ஆனது என்பதற்கு நம் வீட்டுக்குள்ளேயே விடை இருக்கிறது. ஊருக்கு வெளியே இருக்க வேண்டியவர்களின் செல்வம் நாயும் கழுதையும் என்று மனுஸ்மிருதி விதிக்கிறது. வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் தம் பிருகத் சம்ஹிதையில் வடதிசை மக்களைப் பட்டியலிடும்போது நாய்முகத்தாரையும் சேர்க்கிறார். கிரேக்க வைத்தியர் தாமாகக் கதை கட்டினார் என்று நாம் தப்பிக்க முடியாது. விலக்கி வைத்தவர்களின் பக்கத்தில் நாயைக் கட்டியது இந்த நாடு; அவர் அதை ஏட்டில் ஏற்றினார்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். சங்கப் பாட்டான மலைபடுகடாம் ஒரு கூத்தர் கூட்டத்தை நன்னன் என்ற மன்னனின் மலைநாட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறது. வழியில் மலைக்குடிகள் சோறிடுவார்கள் என்று உறுதி சொல்கிறது. பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர்கள் மீன் எண்ணெயும் கள்ளும் மாற்றிக்கொண்டு போகிறார்கள். அதே பண்டமாற்றுதான், ஆனால் எவர் கழுத்திலும் நாய்த் தலை இல்லை. பேயும் பூதமும் தாராளமாக உலவும் இலக்கியம் மலைவாசிக்கு மட்டும் மனித முகத்தைத் தந்தது தற்செயலா? அந்தப் புலவர்களுக்கு மேலே போய் வந்தவர்களைத் தெரியும். உன் போடிமெட்டுச் சரிவில் முதுவரும் மன்னானும் பளியரும் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது முதுவர்களின் வழக்கு. அதாவது உன் கதாநாயகன் யாரை வெட்டச் சரிவேறுகிறானோ, அவர்கள் அவன் பக்கத்துச் சமவெளியையே பூர்விகம் என்று சொல்கிறவர்கள். அவர்கள் வாழும் சரிவில் இன்னொரு ‘இனத்தை’க் குடிவைத்தால் வாசகன் யாரை நினைப்பான் என்று யோசித்தாயா? விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள், கீழே கணினித் திரையில் நடக்கும் ஏலக்காய் ஏலம் எல்லாம் உன் கண் முன்னால் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, வெளிநாட்டு விளையாட்டிலிருந்து வெட்டிச் சாய்ப்பதற்கென்றே செய்த கூட்டத்தை எடுத்திருக்கிறாய். அந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் நோல்கள் என்ற கூட்டம் கழுதைப்புலியைப் பார்த்துச் செய்தது. கழுதைப்புலி நாய்க் குடும்பமே கிடையாது, பூனைப் பக்கம் சேர்ந்தது. இதைக்கூடச் சரிபார்க்காமலா எழுதுவது?

நாய் வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் செந்நாயைப் படி. அது குரைப்பது அரிது. சீழ்க்கை போன்ற ஒலியால் கூட்டத்தைச் சேர்க்கும். இரையில் முதலில் குட்டிகளைத் தின்னவிடும். ஒரு சமுதாயத்தைக் கட்ட இவ்வளவு போதும். மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போடு. உன் நாய்த்தலையர்கள் மேலிருந்து என்ன கொண்டுவருகிறார்கள், பதிலுக்கு என்ன வாங்குகிறார்கள், எடை போடுகிறவன் யார், அவன் அவர்களைப் பற்றி ஊரில் என்ன சொல்லிவைத்திருக்கிறான் என்ற பக்கங்களை மட்டும் முதலில் எழுதி அனுப்பு. சண்டைக் காட்சி பிறகு ஆகட்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்